வருமான வரி: சட்டப்படி நீங்கள் கட்டத் தேவையில்லாத பணம்

அரச பாடசாலையொன்றில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியம் வருகிறது. பணிக்கொடையை வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். அதற்கு வருடம் 160,000 ரூபா வட்டி. கையில் கிடைப்பதோ 144,000 தான். மீதி 16,000 ரூபாவை வங்கி வரியாகப் பிடித்துவிடுகிறது. "சட்டம் தானே, என்ன செய்யிறது" என்று வந்துவிடுகிறார்.

அந்த 16,000 ரூபா அவர் கட்டவேண்டிய பணமே இல்லை.

2025 ஏப்ரல் 1 முதல் வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. அதே நாளில் தனிநபருக்கான வரிவிலக்கு எல்லையும் வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், அதைத் தெரிவிக்கும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் வரி பிடிக்கப்படாது. அதற்கு வரி அடையாள இலக்கம் வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இலவசமாகப் பெறலாம். இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும் என்ற பயம் எங்கள் சனத்திடம் இன்னும் இருக்கிறது. இலக்கம் இருப்பது வேறு, வரி கட்டும் பொறுப்பு வேறு. இலங்கை அரசின் ஓய்வூதியம் வரியிலிருந்து முழுதாக விலக்கப்பட்டது என்பதால், ஆசிரியையின் 18 இலட்சக் கணக்கில் அது சேராது. ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் வைப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும் படிவம் கொடுக்கவேண்டும். ஏற்கனவே பிடிபட்ட பணத்தை வருமான விபரத்திரட்டு சமர்ப்பித்து மீளக் கேட்கலாம்.

சம்பளக்காரருக்கு வழிகள் குறைவு. மாதம் 150,000 வரை வரி இல்லை. 200,000 எடுப்பவருக்கு மாதம் 3,000, 250,000 எடுப்பவருக்கு 8,000 ரூபா வரி. இந்தியாவிலிருந்து வரும் தமிழ்க் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஆயுள் காப்புறுதி எடுத்தால் வரி குறையும் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே காப்புறுதி, மருத்துவம், வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றுக்கு இருந்த செலவுச் சலுகை 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டும் 8 வீதமும் வரியைக் குறைக்காது. கூரையில் சூரிய மின்கலம் பூட்டித் தேசிய மின்வலையமைப்போடு இணைத்தால் அந்தச் செலவில், அல்லது அதற்கு எடுத்த வங்கிக் கடனைக் கட்டுவதில், வருடத்துக்கு 600,000 ரூபா வரை கழிக்கலாம். 36 வீதப் படியில் இருப்பவருக்கு இதனால் 216,000 மிஞ்சும். 6 வீதப் படியில் இருப்பவருக்கு 36,000 தான். வரிக்காக மட்டும் இதில் இறங்கவேண்டாம்.

வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் திருத்தவேலைப் பற்றுச்சீட்டு எதையும் காட்டாமலே வாடகையில் 25 வீதத்தைக் கழிக்கலாம். மாதம் 40,000 வாடகை என்றால் வருடத்தில் 120,000 கணக்கிலிருந்து போகும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் வீட்டு வாடகையை அற்றோணித் தத்துவத்தில் வாங்கி வைப்பவர்கள், அது அண்ணனின் வருமானம் என்பதை எழுத்தில் வைத்திருப்பது நல்லது. அந்த அண்ணன் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் அன்பளிப்பு, வருமானம் அல்ல. அதை வைப்பில் போட்டு வரும் வட்டி மட்டும் வருமானம்.

பெரிய தொகை போவது காணி விற்பனையில். மூலதன ஆதாய வரி 2025 ஏப்ரலில் 10 வீதத்திலிருந்து 15 வீதமாகியது. 18 இலட்ச விலக்கு இதற்குப் பொருந்தாது. ஒருவர் 1990இல் 50,000 ரூபாவுக்கு வாங்கிய காணியை இப்போது 80 இலட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். உறுதியில் இருக்கும் விலையைக் கழித்தால் ஆதாயம் 79.5 இலட்சம், வரி 1,192,500 ரூபா. ஆனால் 2017 செப்டெம்பர் 30 அன்று உங்களிடம் இருந்த காணிக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியையே கிரயமாக எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அன்று அது 60 இலட்சம் பெறுமதி என்று தகுதிவாய்ந்த மதிப்பீட்டாளர் அறிக்கை தந்தால் ஆதாயம் 20 இலட்சம், வரி 300,000. ஓர் அறிக்கையால் வரும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்பது இலட்சம். பழைய உறுதி சண்டையில் தொலைந்து, வாங்கிய விலையே தெரியாதவர்களுக்கு இந்த விதி இன்னும் பெறுமதியானது. நொத்தாரிசுக் கட்டணம் போன்ற விற்பனைச் செலவுகளையும், காணியை மேம்படுத்தச் செலவழித்ததையும் பற்றுச்சீட்டோடு கழிக்கலாம்.

வசிக்கும் வீட்டை விற்றால் இந்த வரி இல்லை. ஆனால் விற்பதற்கு முன்னான மூன்று வருடமும் அது உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்கவேண்டும், அதில் இரண்டு வருடமாவது அங்கே குடியிருந்திருக்கவேண்டும். இடம்பெயர்ந்து, விடுவிக்கப்பட்ட ஊருக்குத் திரும்பமுடியாமல் விற்பவருக்கு இந்த விலக்கு கிடைக்காது. குடியிருக்க விடாதது அவரின் குற்றமா என்று சட்டம் கேட்பதில்லை. அவருக்கு மிஞ்சுவது 2017 மதிப்பீடு ஒன்றுதான்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது இங்கே சாதாரணம். அது சட்டவழி அல்ல. வாங்குபவரும் யோசிக்கவேண்டும்: பின்னொருநாள் அவர் விற்கும்போது அந்தக் குறைந்த விலைதான் அவரின் கிரயம், உங்கள் வரியையும் அவரே கட்டுவார்.

உடற்காயத்துக்கோ ஒருவரின் மரணத்துக்கோ இழப்பீடாக ஒரே தொகையாகக் கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி இல்லை. இந்த விதி மரணம், காயம் என்ற இரண்டைத்தான் பேசுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மறுக்கும் தாய்க்கு இந்த வரிகளைப் படித்துக் காட்டுவது எனக்கு எளிதாக இல்லை.

மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடியும். அதற்கான விபரத்திரட்டின் கடைசி நாள் நவம்பர் 30. காணி விற்றவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. விற்ற பிறகு விரைவிலேயே விபரத்திரட்டு போகவேண்டும். ஆகவே மதிப்பீட்டாளரிடம் போவது, உறுதி எழுதுவதற்கு முன்.