வாழ்வதற்கு எவை வேண்டும்?
மலைநாட்டு நூல்கள் கூறும் மறுமொழி

மனிதன் நன்றாக வாழ்வதற்கு உண்மையில் எவை வேண்டும் என்னும் வினா மிகப் பழமையானது. நம் தமிழ் மொழியில் அதற்கு விடை கூறிய நூல்கள் பல. உண்ணும் உணவிலும் உடுக்கும் உடையிலும் உலகாளும் வேந்தனுக்கும் காட்டில் அலையும் வேடனுக்கும் வேறுபாடு இல்லை என்று புறநானூற்றின் 189ஆம் பாடலில் நக்கீரனார் எடுத்துரைத்தார். செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என்பது அவர் கண்ட முடிவு. ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியும் இந்த வழியில் வந்ததேயாகும்.

பிற நாட்டு அறிஞரும் இவ்வினாவை விட்டுவைக்கவில்லை. ருஷிய நாட்டு எழுத்தாளர் டால்ஸ்டாய், ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்ற வினாவையே தலைப்பாக வைத்து, 1886ஆம் ஆண்டில் ஒரு சிறுகதை எழுதினார். பொழுது சாய்வதற்குள் சுற்றி வரும் நிலமெல்லாம் உனக்கே என்று சொல்லக் கேட்ட பாகோம் என்னும் குடியானவன், ஆசை மிகுந்து ஓடி ஓடி இறுதியில் உயிரை விடுகிறான். அவனைப் புதைப்பதற்கு ஆறடி நிலமே தேவைப்பட்டது என்று கதை முடிகிறது.

இக்கதையைப் படித்துத் தலையசைக்காதார் இலர். எனினும் அதே ருஷியாவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் செகாவ் என்னும் எழுத்தாளர் இதற்கு ஒரு மறுப்பு உரைத்தார். 1898இல் அவர் எழுதிய ‘நெல்லிக்காய்’ என்னும் கதையில் வரும் ஒருவர், அந்தச் சில அடி நிலம் பிணத்திற்குப் போதுமேயன்றி மனிதனுக்குப் போதாது என்று வாதிடுகிறார். மனிதன் தன் ஆற்றலெல்லாம் விரிந்து மலர்வதற்கு உலகம் முழுவதுமே வேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்விருவரில் யார் சொல்வது சரி? இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றும் தேயிலை மலைகளிடையே எழுந்த நூல்களைப் புரட்டினாற் போதும்.

பத்துக்குப் பன்னிரண்டு

இலங்கையில் வாணிக நோக்குடன் தேயிலை பயிரிடும் முயற்சி 1867ஆம் ஆண்டில், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் கன்று நட்டதோடு தொடங்கிற்று. 1869இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலை நோய் பின்னர் அப்பயிரையே அழித்தபோது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்களுக்குத் தோட்டத்துரைமார் கட்டிக் கொடுத்த இருப்பிடமே ‘லயம்’ என்பது. வரிசையாக அடுத்தடுத்து அமைந்த அந்தக் காம்பராக்களில் ஒன்றின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அஃதாவது 120 சதுர அடியில் அடுப்பும் படுக்கையும், முதியோரும் குழந்தையும், சாவும் பிறப்பும்.

டால்ஸ்டாயின் குடியானவனுக்கு ஆசை அதிகம். ஆனால் இந்தக் காம்பராவில் வாழ்ந்தவரிடம் சென்று ‘ஆசையை அடக்கு’ என்று உபதேசிப்பது எப்படிப் பொருந்தும்? தானே விரும்பி எளிமையை மேற்கொள்வது ஒன்று. பிறர் சுமத்திய வறுமையை வேறு வழியின்றிச் சுமப்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டைத் திருவள்ளுவர் நன்கறிந்திருந்தார். ‘அவா அறுத்தல்’ என்னும் 37ஆம் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்த அவரே, ‘நல்குரவு’ என்னும் 105ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். முன்னதில் ஆசையைப் பிறப்பின் வித்து என்றவர், பின்னதில் வறுமையைப் போல் கொடியது வறுமையே என்றார். வறுமையை அவர் ஓரிடத்திலும் அறமென்று புகழவில்லை. இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வீடும் நாடும்

மலைநாட்டு எழுத்தாளருள் முன்னோடியாகப் போற்றப்படும் சி. வி. வேலுப்பிள்ளை, 1914ஆம் ஆண்டில் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று பொருள்படும் ஆங்கில நூலொன்றையும் அவர் 1970இல் வெளியிட்டார்.

அவருடைய தமிழ் நூல்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’, ‘இனிப் படமாட்டேன்’. முதற்பெயர் வீட்டைக் கேட்கிறது. இரண்டாவது நாட்டைக் கேட்கிறது. மூன்றாவது மானத்தைக் கேட்கிறது. நல்வாழ்வுக்கு எவை வேண்டும் என்ற வினாவுக்கு இம்மூன்று தலைப்புகளே ஒரு விடையாக அமைந்துவிட்டன அன்றோ!

வீடு இல்லாமை என்பது கூரை இல்லாமை மட்டுமன்று. லயக் காம்பரா தோட்டத்தின் சொத்து; வேலை இருக்கும்வரை இருக்கலாம். வேலை போயிற்றா, கூரையும் போயிற்று. ஆகவே நியாயத்தை எடுத்துப் பேச விரும்பிய தொழிலாளி, தன் மனைவி மக்களின் இருப்பிடத்தைப் பணயம் வைத்தே பேச வேண்டியிருந்தது. சொந்த வாசற்படி இல்லாதவனுக்குச் சொந்த வாய்ச்சொல்லும் எளிதில் வாய்ப்பதில்லை.

நாடு இல்லாமை இதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால், தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் உழைத்த மக்களுட் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியரல்லர் ஆயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்று வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974வரை காத்திருந்தது. உடன்பிறந்தார் ஒருவர் அக்கரையிலும் ஒருவர் இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. உணவும் உடையும் போல, ஒரு நாட்டின் ஏட்டில் தன் பெயர் இருப்பதும் மனிதனுக்கு இன்றியமையாத தேவை என்பதை நூல் படித்து உணர்ந்தவர்களல்லர் நம் மக்கள், பட்டு உணர்ந்தவர்கள்.

மறைவும் பாட்டும்

அண்மையில், 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் இத்தேவைகளோடு இன்னொன்றையும் சேர்த்தார். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியையும் தந்த அவருடைய ‘மீன்கள்’ என்னும் கதை, ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு வாழும் குடும்பத்தின் நெருக்கடியைச் சொல்வது. வயது வந்த பெண் உடை மாற்ற ஒரு மறைவு, மாணவன் படிக்க ஒரு மூலை, கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச ஒரு தனிமை – இவற்றை ஆடம்பரம் என்று யார் சொல்லத் துணிவர்?

கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட நாவலின் பெயர் ‘தூரத்துப் பச்சை’. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நாமறிந்த பழமொழி. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு மலை பச்சை. அதிற் கொழுந்து கிள்ளுவோர்க்கு அட்டையும் மழையும் கூடையின் பாரமும். கடிதத்திலும் படத்திலும் அழகாகத் தோன்றும் வாழ்வைக் கிட்ட நின்று பார்க்கும் கண்ணை அந்நூல் நமக்குத் தருகிறது.

இன்னுமொரு தேவையை நாம் மறந்துவிடலாகாது. சி. வி. தோட்டந்தோட்டமாகக் கேட்டுச் சேகரித்த நாட்டுப் பாடல்கள், 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூல் வடிவம் பெற்றன. எழுத்தறியாத மக்கள், ஓய்வறியாத மக்கள், வயிறாரச் சோறு காணாத நாளிலும் தாலாட்டுப் பாடினர். கங்காணியை ஏசிப் பாடினர். பிரிந்து வந்த ஊரை நினைந்து பாடினர். வயிற்றுக்கு மட்டும் வாழ்பவனாயின் மனிதன் பாடுவானேன்? செகாவ் கதையில் வந்தவர் கூறியதற்கு நம் லயத்துப் பாட்டிமாரே சாட்சி.

ஏழு பேர்ச்

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் தம் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றவர்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் காணியும் வீடும் இருந்தன. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்பது அளவாயிற்று. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. பாகோம் ஓடிக் கேட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு புள்ளி. 120 சதுர அடியிற் பிறந்து வளர்ந்தவர்க்கோ அது ஓர் உலகம். அங்கே வீட்டுக்கு ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கத்துக்குக் கடிதம் வரும். கொல்லையில் நாலு பாத்தி கீரை வரும். பிள்ளைக்கு மேசை போட இடம் வரும். எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன.

அப்படியாயின், ஆசையை அடக்கச் சொல்லும் நூல்கள் நமக்கு வேண்டாவோ எனின், அவையும் வேண்டும். கடன் வாங்கிக் கலியாணம் செய்து, அக்கடனைப் பிள்ளையின் படிப்பிற் கழிக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? அயலவர் வாங்கினார் என்பதற்காகவே தவணைப் பணத்திற் பொருள் வாங்கிக் குவிக்கும் பழக்கம் நகரத்து வீடுகளிற் குறைவா? அவா அறுத்தல் நமக்கு நாமே படிக்க வேண்டிய அதிகாரம். நல்குரவு பிறரை நினைத்துப் படிக்க வேண்டிய அதிகாரம். இவற்றை இடம் மாற்றிப் படிப்பவனே தான் மாளிகையில் இருந்துகொண்டு குடிசையிலிருப்பவனுக்குத் திருப்தியைப் போதிப்பான்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூற விரும்புவது இதுவே. வாரத்தில் ஒரு மாலை அரைமணி நேரம், மேலே சொன்ன நூல்களுள் ஒன்றை வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேளுங்கள். கடைகளிற் கிடைக்காத பழைய மலையக நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்திற் கட்டணமின்றிப் படிக்கலாம். படித்தபின் ஒரு தாளில் இரண்டு பத்தி வரைந்து, இல்லாவிடில் வாழ இயலாதவற்றை ஒருபுறமும், இருந்தால் மகிழ்ச்சி தருபவற்றை மறுபுறமும் எழுதுங்கள். பாட்டியைக் கேட்டும் எழுதுங்கள். அவர் சொல்லும் பட்டியல் நம் பட்டியலினும் சிறிதாக இருக்கும், ஆழமாகவும் இருக்கும்.

பின்பு முதற்பத்தியில் உள்ளவை நம் அயல்வீட்டாருக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில், இரண்டாம் பத்தியை நாம் சற்றே சுருக்கிக்கொள்வது தகும். நக்கீரனார் சொன்ன ஈகையும் மலைநாட்டு நூல்கள் கேட்ட நீதியும் சந்திக்கும் இடம் அதுவேயாகும்.