மலையேறத் தெரியாத லாரியும் 1902-ன் மோனோரயிலும்

போடிமெட்டுச் சாலையை அப்படியே தூக்கி ஒரு பழைய கணினி ஆட்டத்துக்குள் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? லாரி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே திக்குத் தெரியாமல் நிற்கும்! திரும்பும், யோசிக்கும், வந்த வழியே போகும், மறுபடி வரும். அந்தத் தவிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் கூப்பிடுகிறேன். வாங்க, ஆட்டத்தின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்போம்.

ஆட்டத்தின் பெயர் டிரான்ஸ்போர்ட் டைக்கூன். 1994-ல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்டது. அடுத்த வருஷமே டிடிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் டீலக்ஸ் பதிப்பு வந்தது. நிலக்கரியை ரயிலில் ஏற்று, ஊருக்கு ஊர் பஸ் விடு, கிடைத்த லாபத்தில் இன்னும் கொஞ்சம் தண்டவாளம் போடு. இவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் சாயங்காலம் உட்கார்ந்தவனைப் பால்காரர் சைக்கிள் மணிச் சத்தம்தான் எழுப்பும். இதை எழுதியவர் கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஓவியம் சைமன் ஃபாஸ்டர், இசை ஜான் புரூம்ஹால். நிரல் முழுக்கச் சாயரின் கைவேலை, அதுவும் அசெம்பிளி மொழியில்! கணினியின் செயலிக்கு நேரடியாக, ஒவ்வொரு சின்னக் கட்டளையாக எழுதிக்கொண்டே போக வேண்டிய மொழி அது. அன்றைய 486 கணினியில் அத்தனை ரயிலும் தடங்கலில்லாமல் ஓடியதற்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம். அத்தனை பிழைகளும் பிறந்தது அதே சிக்கனத்தில்தான்.

இப்போது மலைக்கு வருவோம். ஓப்பன் டிடிடி என்று அதே ஆட்டத்தின் இலவச வடிவம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்தால் போதும்: கறுப்பைப் பள்ளமாகவும் வெளுப்பை மேடாகவும் எடுத்துக்கொண்டு நிலத்தை எழுப்பிக் காட்டும். போடிநாயக்கனூரின் தரைப்படத்தைக் கொடுத்தேன். மேற்கே சுவர் மாதிரி மலை எழுந்தது! கோட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு வகிடு போல உள்ளே போகிறது. அடிவாரத்தில் போடி, மேலே குரங்கணி, அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். பார்த்ததும் கை தட்டிவிட்டேன்.

சாயரின் மூல ஆட்டத்தில் இந்த மலை நுழையாது. அங்கே உயரத்துக்கு மொத்தமே பதினாறு மட்டங்கள்தான். போடி கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டரை ஒட்டி இருக்கிறது, டாப் ஸ்டேஷனோ 1500 மீட்டருக்கும் மேலே. அந்த மலையைப் பதினாறு மட்டத்துக்குள் அடக்கினால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் நசுங்கி நாலைந்து திருப்பமாகிவிடும். சரி, புது வடிவத்தில் உயரம் தாராளம். சாலையைப் போட்டாயிற்று. லாரியை மட்டும் பழைய மூளையோடு கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அந்த மூளை எப்படி வேலை செய்யும்? சந்திப்பு வந்ததும் லாரி முழு வரைபடத்தையும் ஆராயாது. கொஞ்ச தூரம் மட்டும் தேடிப் பார்த்து, எந்தப் பக்கம் போனால் சேருமிடம் கிட்டே வருவது போலத் தெரிகிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பும். சமவெளியில் இது கச்சிதம். தேனியிலிருந்து போடிக்கு இப்படியே வந்துவிடலாம். மலைச்சாலையின் சூத்திரம் நேர் எதிர்! மேற்கே ஏற வேண்டுமானால் முதலில் கிழக்கே திரும்பு, பிறகு மேற்கே, மறுபடி கிழக்கே. போக வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டினால்தான் அந்த இடத்துக்குப் போக முடியும். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேலே போகிற ஜீப் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த இந்த விஷயம் அந்த லாரிக்குத் தெரியாது. கிளைச்சாலை ஒன்று குறுக்கிட்டால் போதும், அது பள்ளத்தாக்கைப் பார்த்துக் கிளம்பிவிடும்.

கூலிக் கணக்கு இன்னும் சுவாரசியம். சரக்குக்கு ஆட்டம் தரும் பணம், ஓடிய சாலையின் நீளத்தைப் பொறுத்ததல்ல. இரண்டு நிலையங்களுக்கு நடுவே குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம், அவ்வளவுதான். உயரம் கணக்கிலேயே இல்லை! தாமதமானால் மட்டும் பணம் குறையும். ஆக, வளைந்து வளைந்து ஏறுகிறவனுக்கு நஷ்டம், நேர்கோட்டில் போகிறவனுக்கு லாபம். கிறிஸ் சாயர் போடியை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் இந்தக் கணக்குக்கு விடையை இந்த மலை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கோட்டகுடிக்கு ஒரு கயிற்றுப்பாதை! மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் வளைவு நெளிவு எதுவும் இல்லாமல் வானத்திலேயே ஐந்து கிலோமீட்டர் இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு ரயில், தூத்துக்குடித் துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்தப் பாதையின் மேல் நிலையம் என்பதால் வந்தது. ஆட்டத்தில் ரயில், லாரி, கப்பல், விமானம் எல்லாம் உண்டு, கயிற்றுப்பாதை கிடையாது. எனக்கு இன்றைக்கும் ஆறாத குறை அது.

இருங்க, இதைவிடப் பெரிய வேடிக்கை மேலே இருக்கிறது. ஆட்டத்தில் மோனோரயில் எதிர்காலத்தின் வாகனம். நீராவி, டீசல், மின்சாரம் எல்லாம் ஓடி முடித்து, நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் அது வரும். பழைய ரயில் எதுவும் அந்தப் பாதையில் ஓடாது. புது வண்டிகளை வாங்கிக் குவிக்க வேண்டும். ரசிகர்கள் முப்பது வருஷமாகப் புலம்புகிற இடம் இது. ஆனால் குண்டலைப் பள்ளத்தாக்கில் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே 1902-லேயே மோனோரயில் ஓடியது! இழுத்தவை மாடுகள். யூயிங் முறை என்று பெயர்: பாரத்தின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், வண்டி சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சக்கரம் தரையில் உருளும். இதே முறையில் பாட்டியாலாவில் ஓடிய வண்டி தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் தவறாமல் பாருங்கள். 1908-ல் குண்டலையில் அதைக் கழற்றிவிட்டு இரண்டடி அகலச் சின்ன ரயில்பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். ஆட்டம் ரயிலிலிருந்து மோனோரயிலுக்குப் போகிறது, மலை மோனோரயிலிலிருந்து ரயிலுக்கு வந்தது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை!

பிறகு 1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் சொல்லப்படுகிற பெருவெள்ளம் மூணாறைப் புரட்டிப்போட்டது. குண்டலை ரயில்பாதை அதோடு போயிற்று, திரும்பப் போடவே இல்லை. நாலே வருஷம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் பாதை திறந்தது. மலையுச்சி ரயிலும் அடிவாரத்து மீட்டர்கேஜ் ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை. சாயரின் முதல் பதிப்பு தொடங்கும் வருஷமோ 1930!

ஆட்டத்திலும் பேரிடர்கள் உண்டு. பறக்கும் தட்டு வந்து தண்டவாளத்தை நொறுக்கும், ஆகாயக் கப்பல் விமான நிலையத்தில் விழும், நிலக்கரிச் சுரங்கம் உள்வாங்கும். மழை மட்டும் இல்லை. மண்சரிவு இல்லவே இல்லை. வெட்டிய சரிவு வெட்டிய இடத்திலேயே நூறு வருஷம் நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் நம்ப முடியாத கற்பனை, பறக்கும் தட்டு அல்ல.

சரி, வளைவும் வேண்டாம் கயிறும் வேண்டாம், மலையைக் குடைந்தே போய்விடலாமா? இங்கேதான் ஆட்டத்தின் புகழ்பெற்ற ஓட்டை. மூல ஆட்டம் பணத்தை 32 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. அதற்குள் அடங்கும் மிகப் பெரிய தொகை 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எண் அப்படியே தலைகீழாகி எதிர்மறைக்குப் போய்விடும். சுரங்கப்பாதையின் செலவோ நீளத்தோடு மளமளவென்று ஏறும். விலைவாசி எகிறிய பிற்காலத்தில் மிக நீண்ட சுரங்கம் தோண்டினால் செலவு அந்த எல்லையைத் தாண்டி எதிர்மறை ஆகும். எதிர்மறைச் செலவு என்றால் வரவு! மலையைக் குடைந்ததற்கு ஆட்டம் உங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுக்கும். முதல்முறை இதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அடடா!

நிஜத்தில் இதே போடி மேற்கு மலையைக் குடைய ஒரு திட்டம் வந்தது. பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம், அதற்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலையும் தண்ணீரும் காடும் என்னாகும் என்று ஊர் கேட்டது, வழக்குகள் வந்தன, தமிழ்நாடு அரசும் எதிர்த்தது. சுரங்கம் வெட்டப்படவில்லை. ஆட்டத்தில் கேள்வி கேட்பது ஊராட்சி ஒன்றுதான். மரத்தை வெட்டினால் கோபிக்கும், வேறு எங்காவது நாலு மரம் நட்டால் சமாதானமாகிவிடும். எந்த மரம், எதற்கு நிழல் என்று கேட்காது. நிழல் மரம் போனால் கூடவே ஏலச்செடியும் போகும் என்று தெரிந்த ஊருக்கு இது பெரிய குறைதான்.

ஏலக்காய் என்றதும் சந்தை. ஆட்டத்தின் வெப்பமண்டல உலகில் ரப்பர் உண்டு, பழத்தோட்டம் உண்டு, வைரச் சுரங்கம்கூட உண்டு. ஏலமும் தேயிலையும் இல்லை. அதை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, எத்தனை டன் கொட்டினாலும் விலை இறங்காது என்பது! வாங்குகிற தொழிற்சாலை ஒருநாளும் "போதும்" என்று சொல்லாது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடப்பது போடியிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும். அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற வியாபாரியின் விரல் நுனியில் இருப்பதுதான் உண்மையான வியூக ஆட்டம். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு ஏலக்காய் வரத்து சுருங்கி, 2019 ஆகஸ்டில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே. சாயரின் நிரலில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

இத்தனை குறை இருந்தும் ஏன் விடமுடியவில்லை? குறைகளை ரசிகர்கள் தங்கள் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான். மூல நிரல் யாரிடமும் இல்லாதபோதே, ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நினைவகத்துக்குள் புகுந்து திருத்தினார் ஜோசப் டிரெக்ஸ்லர். டிடிடி பேட்ச் பிறந்தது அப்படித்தான். பிறகு சுவீடனின் லுட்விக் ஸ்ட்ரிகியஸ், ஆட்டத்தை எந்திரக் கட்டளைகளாகப் பிரித்து, சி மொழியில் திரும்ப எழுதி, 2004-ல் ஓப்பன் டிடிடி என்று வெளியிட்டார். பின்னாளில் மியூடொரண்டை எழுதியவரும், ஸ்பாட்டிஃபையின் தொடக்கப் பொறியாளர்களில் ஒருவரும் அவரேதான்! லாரிக்குப் புது மூளை வந்தது. பணத்துக்குப் பெரிய எண் வந்தது, சுரங்க ஓட்டை மூடிப் போனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் அவர்கள் சேர்த்ததில் ஒன்று இந்த மலைக்கென்றே செய்தது போல இருக்கிறது: இடைமாற்று. ஒரு வண்டி பாதி வழியில் சரக்கை இறக்கி வைக்கும், அடுத்த வண்டி எடுத்துக்கொண்டு போகும். கடைசி வண்டி கொண்டு சேர்த்துப் பணம் வாங்கும்போது, நடுவில் சுமந்தவர்களின் பங்கும் கணக்கில் ஏறியிருக்கும். ரயில், கயிறு, மாட்டுவண்டி, மறுபடி ரயில் என்று நாலு கை மாறிய தேயிலைப் பெட்டியின் கதையே இதுதான்.

என் வரைபடத்தில் குண்டலைப் பாதையை மறுபடி போட்டாயிற்று. கோட்டகுடிக்கு லாரிதான், கயிறு இல்லையே. போடியில் ரயில் காத்திருக்கிறது. நிஜப் போடிக்கும் அகலப்பாதையில் 2023 ஜூனில் ரயில் திரும்பி வந்துவிட்டது. அடுத்து தூத்துக்குடியில் ஒரு துறைமுகம் கட்ட வேண்டும், கடன் வாங்கியாவது!