வானூர்திச் சந்தையும் ஈப்போ நிலையமும்

வானூர்திக் கண்காட்சி என்றவுடன், வானத்தில் வண்ணப்புகை கக்கிக் குட்டிக்கரணம் போடும் போர் விமானங்களே பலர்க்கும் நினைவுக்கு வரும். லங்காவித் தீவில் 1991ஆம் ஆண்டு தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவரும் (கொள்ளைநோயால் 2021இல் மட்டும் நடைபெறாத) கடல், வான் கண்காட்சியைப் பற்றி நம் செய்தித்தாள்கள் வெளியிடும் படங்களும் பெரும்பாலும் அத்தகையனவே. ஆயின், பொதுமக்களுக்கு வாயில் திறக்கப்படுவது கடைசி நாள்களில்தான். அதற்கு முந்திய நாள்கள் வாணிகர்க்கு உரியவை. குளிரூட்டப்பட்ட கூடாரங்களுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, விமானம் செய்வோரும் வாங்குவோரும் கடன் கொடுப்போரும் பேரம் பேசுகின்றனர். நமக்கு வேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது. நம் ஊருக்கு எந்த அளவு விமானம் வரும், வாரத்தில் எத்தனை நாள் வரும், வந்தது நிலைக்குமா என்பனவெல்லாம் அத்தகைய அறைகளில் முடிவாகும் கணக்குகளைச் சார்ந்தவை.

புறநானூற்றில் ஓட்டுவோன் இல்லாத வான ஊர்தி பேசப்படுவதையும், சிந்தாமணியின் மயிற்பொறியையும் காட்டி இத்தகைய கட்டுரைகளைத் தொடங்குவது வழக்கம். தமிழாசிரியர்கள் அவற்றை நன்கறிவர். ஆதலின் அவற்றை விடுத்து, சந்தையைப் பற்றியே பேசுவோம்.

இவ்வகைச் சந்தைகளுள் மூத்தது பாரிசில் 1909ஆம் ஆண்டு கூடியது. இங்கிலாந்தின் பார்ன்பரோவில் 1948 முதல் நடந்துவருகிறது. ஆசியாவிற்கு இவ்வழக்கம் பிந்தியே வந்தது. சிங்கப்பூர் 1981இல் தொடங்கியது. 2008 முதல் அங்கு நடப்பது புதிய பெயரோடு கூடிய வேறொரு கண்காட்சி. ஐதராபாத்தின் பேகம்பேட்டை நிலையத்தில் கூடுவது முற்றிலும் பயணிகள் விமானத்துக்கே உரியது. விற்பவர் மேற்கே இருந்தாலும் வாங்குவோர் கிழக்கே பெருகிவிட்டனர் என்பதே இவ்விடமாற்றத்தின் பொருள். 2024ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்க் கண்காட்சியில் சீனம் தன் சி-919 விமானத்தை முதன்முறையாக அயல்நாட்டு மண்ணில் கொணர்ந்து பறக்கவிட்டது; ஆக, விற்பவரும் கிழக்கே தோன்றிவிட்டார்.

ஒரு விளைபொருளுக்குக் கண்காட்சி வைத்துச் சந்தை தேடுவது நம் முன்னோர் வாழ்வைத் தொடாத செய்தியன்று. 1906ஆம் ஆண்டு இலங்கையில் பேராதனைப் பூங்காவில் ரப்பருக்கென்றே ஒரு கண்காட்சி கூட்டினர். நான்கே ஆண்டுகளில், 1910இல், இலண்டன் சந்தையில் ரப்பர் விலை இராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கையும் தாண்டியது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பல்கள் நிரம்பி வந்தன. தூரத்து மண்டபத்தில் பேசப்பட்ட விலை, பேராக்கில் எத்தனை லயங்கள் கட்டப்படும் என்பதைத் தீர்மானித்தது.

இனி, கண்காட்சியில் 'இத்தனை நூறு விமானங்கள் விற்பனை' என்று வரும் செய்தியை எவ்வாறு படிப்பது? பல வேளைகளில் அது விற்பனையே அன்று. முதலாவது, வாங்க எண்ணுகிறோம் என்னும் எண்ணக் கடிதம். அது யாரையும் கட்டுப்படுத்தாது. அடுத்தது புரிந்துணர்வுக் குறிப்பு. அதுவும் பெரும்பாலும் அப்படியே. மூன்றாவதுதான் முன்பணம் கட்டி எழுதப்படும் உறுதியான ஒப்பந்தம். அதனோடு, 'வேண்டுமாயின் மேலும் இத்தனை வாங்குவோம்' என்னும் விருப்பவுரிமை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்நான்கையும் ஒன்றாகக் கூட்டித் தலைப்பிடும் செய்திகள் உண்டு. உறுதியான ஒப்பந்தத்திலும், விமானம் கைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் அதன் அளவே மாறிவிடலாம்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2011ஆம் ஆண்டு சூன் திங்களில் பாரிசுக் கண்காட்சியில் ஏர் ஆசியா நிறுவனம் ஏர்பஸ் ஏ-320 நியோ விமானங்கள் 200 வாங்க ஒப்பந்தம் செய்தது. எட்டாண்டுகள் கழித்து, 2019இல், கையிலிருந்த ஒப்பந்தங்களுள் 253 விமானங்களை அதனினும் நீண்ட ஏ-321 நியோவாக மாற்றிக்கொண்டது. முன்னதில் 186 இருக்கைகள், பின்னதில் 236. கூட்டம் மிகுந்த பெருநகர்த் தடங்களுக்கு இது சிறந்த கணக்கு. ஒருவர்க்கு ஆகும் செலவு குறையும். இறங்குவதற்கு நேரம் ஒதுக்கீடு கிடைப்பது அரிதான நிலையங்களில், ஒரே ஒதுக்கீட்டில் ஐம்பது பேர் கூடுதலாக வருவர். ஆனால் 180 இருக்கைகளையே நிரப்பத் திணறும் ஓர் ஊருக்கு இது நற்செய்தியாகுமா?

அத்தகைய ஊர்தான் ஈப்போ. இவ்வூரின் வான்வழி வரலாறு பழையது. மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் 1947ஆம் ஆண்டு மே முதல் நாள் தன் முதல் கால அட்டவணைப் பயணத்தைத் தொடங்கியபோது, சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்பதே அதன் தடம். ஐந்து பயணிகளே அமரக்கூடிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானம் அது. ஐந்து பேர் கிடைத்தால் பறக்கலாம் என்றிருந்ததால்தான் ஈப்போ முதல் தடத்திலேயே இடம் பெற்றது. அன்றைய கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் சுற்றுப்புற ரப்பரும் அந்த ஐந்து பேரைத் தந்தன.

பின்னர் விமானம் பெருத்தது. ஊர் அதே வேகத்திற் பெருக்கவில்லை. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. இரண்டரை மணி நேரத்தில் நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவுக்கே கொண்டு சேர்க்கும் வண்டி அது. நிலையத்துக்குச் சென்று, காத்திருந்து, அரை மணிப்பொழுது பறந்து, மறுமுனையில் வாடகை வண்டி தேடுவதை யார் விரும்புவர்? தலைநகர்த் தடத்தை இரயில் வென்றது முறையே. அதற்கு நாம் வருந்த வேண்டுவதில்லை.

வருந்த வேண்டியது சிங்கப்பூர்த் தடத்தில் நேர்ந்தது. பயர்பிளை நிறுவனம் எழுபது பேரளவில் அமரும் ஏ.டி.ஆர். சுழல்விசிறி விமானத்தை ஈப்போவுக்கும் சாங்கிக்கும் இடையே ஓட்டிவந்தது. சாங்கி நிலையத்தில் நெரிசல் மிகவே, இவ்வகைச் சிறு விமானங்களைச் செலித்தார் நிலையத்துக்கு மாற்ற முடிவாயிற்று. செலித்தாரில் இறங்கும் முறைபற்றி இரு நாடுகளுக்கும் பிணக்கு எழுந்தது. 2018ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளோடு பயர்பிளையின் சிங்கப்பூர்ப் பயணங்கள் யாவும் நின்றன. 2019 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியபோது சுபாங்கிலிருந்து மட்டுமே தொடங்கின, ஈப்போ விடுபட்டது. அத்தடத்தில் எஞ்சியவை 180 பேர் அமரும் சுழல்தாரை விமானங்களே.

இருக்கை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இழப்பு தோன்றாது. எழுபது இருக்கை விமானம் நாளொன்றுக்கு ஒருமுறை பறந்தால் வாரத்துக்கு 490 இருக்கை. நூற்றெண்பது இருக்கை விமானம் வாரத்தில் மும்முறை பறந்தால் 540. கணக்கேட்டில் இது வளர்ச்சி. ஆனால் பயணம் செய்வோர்க்கு இரண்டும் ஒன்றல்ல. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து, தோட்டத் துண்டாடலாலும் செம்பனை மாற்றத்தாலும் வீட்டுமனைத் திட்டங்களாலும் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கின்றனர். விடுமுறைக்கு வருவோர்க்கு எந்நாள் விமானம் என்பது பெரிதன்று. பேருந்தில் இரவெல்லாம் வந்தாலும் வந்துவிடுவர். தகப்பனார் தவறிவிட்டார் என்று காலையில் தொலைபேசி வந்தால்? மாலைக்குள் காடு சேர்க்கும் வழக்கமுடைய நமக்கு, இன்று விமானம் உண்டா என்பதே கேள்வி. இவ்வாரம் எத்தனை இருக்கை என்பது அன்று.

பயண எண்ணிக்கை குறைந்தால் நிலையம் தேய்ந்ததென்றும், இருக்கை கூடினால் வளர்ந்ததென்றும் எழுதுவது எளிது. சிறு விமானங்கள் எத்தனை விற்கின்றன என்று பார்ப்பதே என் கருத்தில் பயனுடையது. அவ்வகையில் ஒரு நல்ல அறிகுறி உண்டு. ஸ்கூட் நிறுவனம் எம்பிரேயர் இ-190 இ-2 விமானங்கள் ஒன்பதை அமர்த்திக்கொண்டு, 2024 மே திங்களில் பறக்கவிட்டது. இருக்கைகள் 112 மட்டுமே. முதலில் சென்ற ஊர்கள் தென் தாய்லாந்தின் கிராபியும் ஹாட்யாயும். ஏறத்தாழ ஈப்போவை ஒத்த நடுத்தர ஊர்கள்.

இந்தியா வேறொரு வழியை நாடியது. 2016இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின்படி, சிறு ஊர்களுக்குப் பறக்கும் விமானத்தில் பாதியளவு இருக்கைகளுக்கு, ஒரு மணிப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் வரம்பு கட்டி, நட்டத்தை அரசு ஈடுசெய்தது. பெருநகர்ப் பயணங்களின்மீது விதித்த தீர்வையே அதற்கு ஊற்று. சேலத்துக்கு 2018 மார்ச்சில் இவ்வாறு விமானம் வந்தது; பின்னர் நின்றது; 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. மானியத்தால் விமானத்தை வரவழைக்கலாம், நிறுத்திவைப்பது கடினம் என்பதற்குச் சேலமே காட்டு. நம் நாட்டிலும் சபா, சரவாக்கின் உட்பகுதிகளுக்கு அரசு மானியத்தோடு சிறு விமானங்கள் செல்கின்றன. அங்கே சாலை இல்லை. சாலையும் இரயிலும் உடைய ஈப்போ அதே வாதத்தை முன்வைக்க இயலாது.

பயணத்தை விட்டுத் தொழிலைப் பார்த்தால், மாணவர்க்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு லங்காவிக் கண்காட்சியின்போது வெளியான வான்தொழிற் பெருந்திட்டம், 2030க்குள் ஆண்டொன்றுக்கு 5,520 கோடி ரிங்கிட் வருவாயும் 32,000க்கு மேற்பட்ட உயர்வருமான வேலைகளும் என்று இலக்கு வகுத்தது. இவ்வருவாயில் 2,040 கோடி, பழுதுபார்த்தல் பராமரித்தலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பங்கு. மலாக்காவிலும், கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமிலும், சிலாங்கூரின் சிரண்டாவிலும் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. விமானச் சக்கரப் பட்டைகளுக்கு இன்றும் இயற்கை ரப்பரே பெரிதும் வேண்டப்படுகிறது. தரையிறங்கும் நொடியில் எழும் வெப்பத்தையும் அதிர்வையும் செயற்கை ரப்பர் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. 1877இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட கன்றுகளின் வழிவந்த மரத்தின் பால் அது என்பதை வகுப்பில் சொல்லலாம்.

விமானத் துறை என்றால் விமானியும் பணிப்பெண்ணும் என்றே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். பழுதுபார்க்கும் பொறிஞர் உரிமத்தில் ஏ, பி1, பி2, சி என வகைகள் உண்டு. விசையாழியையும் உடற்பகுதியையும் சோதிப்பது பி1. மின்னணுக் கருவிகளைச் சோதிப்பது பி2. இவர்தம் கையொப்பம் இன்றி எவ்விமானமும் பராமரிப்பு முடிந்து பறக்கலாகாது. பயிற்சியும் தேர்வும் பல ஆண்டுகள் ஆகும். அடிப்படை, கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும். நான்காம் படிவத்தில் அறிவியற் பாடங்களை விட்டு விலகும் மாணவன் இக்கதவை அப்போதே மூடிவிடுகிறான் என்பதை, அவன் விலகுமுன் சொல்லுவார் வேண்டும்.