காத்திருத்தலும் காத்தலும்

தமிழில் ‘காத்தல்’ என்னும் சொல் இருபொருள் தருவது. ‘வேலி பயிரைக் காக்கிறது’ என்னும்போது அது பேணுதலைக் குறிக்கிறது. ‘விருந்தினரைக் காத்து நிற்கிறோம்’ என்னும்போது எதிர்பார்த்தலைக் குறிக்கிறது. வேறு வேறாகத் தோன்றும் இவ்விரு செயல்களும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. வரவேண்டிய ஒன்றை மெய்யாக எதிர்நோக்கியிருப்பவர், அது வருமளவும் தம்மையும் தம்மைச் சார்ந்தாரையும் பேணிக் காப்பர். இவ்வுண்மையை ஆண்டுதோறும் நினைவூட்டும் காலம் ஒன்று கிறித்தவ மக்களிடையே உண்டு. அதற்குத் திருவருகைக் காலம் என்று பெயர்.

காலமும் கருத்தும்

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தன்னுள் கொண்டது இக்காலம். நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 முடிய உள்ள நாள்களுள் எது ஞாயிறாக அமைகிறதோ, அந்நாளில் இது தொடங்கும். டிசம்பர் 24-ஆம் நாள் நிறைவுறும். நம் கணக்கில் கூறின், கார்த்திகைத் திங்களில் தொடங்கி மார்கழித் திங்களில் முடிவது எனலாம். ஆங்கிலத்தில் இதனை ‘அட்வெண்ட்’ என்பர். வருகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

பண்டை நாளில் இசுரவேல் மக்கள் அயலார் ஆட்சியின்கீழ்ப் பல தலைமுறைகள் துன்புற்றனர். தம்மை மீட்பவர் ஒருவர் வருவார் என்று இறைவாக்கினர் உரைத்த மொழிகளே அவர்களுக்கு ஊன்றுகோலாக இருந்தன. அந்த நெடிய காத்திருப்பை நினைவுகூர்ந்து, தம் உள்ளத்தையும் வாழ்வையும் ஒழுங்கு செய்துகொள்ளும் காலமாகவே கிறித்தவர் இதனைக் கொள்கின்றனர். இந்நாள்களில் ஏசாயா என்னும் இறைவாக்கினரின் நூற்பகுதிகள் ஆலயங்களில் மிகுதியாக வாசிக்கப்படும். திருப்பீடத்தை ஊதா நிறத் துணி அணி செய்யும்.

நம்பிக்கை என்பதும் எதிர்நோக்கு என்பதும் ஒன்றல்ல. ஒருவரை மெய்யென்று ஏற்பது நம்பிக்கை. இனி நன்மை வரும் என்று துணிந்து அதன் வழிமேல் விழிவைத்து நிற்பது எதிர்நோக்கு. தமிழ்க் கிறித்தவ வழக்கில் இச்சொல் இன்று நன்கு ஊன்றியுள்ளது. திருவருகைக் காலத்தின் உயிர் இந்த எதிர்நோக்கேயாகும்.

சக்கரத்தில் ஏற்றிய விளக்கு

இக்காலத்தில் பல ஆலயங்களில் பசுந்தழையாலாகிய வளையம் ஒன்றில் நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்தி, ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாக ஏற்றுவர். இவ்வழக்கம் அரண்மனையில் தோன்றியதன்று. ஆதரவற்ற சிறுவர் வாழ்ந்த இல்லம் ஒன்றில் வளர்ந்தது. செருமானிய நாட்டு ஹாம்பர்க் நகரின் அருகே யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்னும் சமயத்தொண்டர் 1833-ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்கென ஓர் இல்லம் அமைத்தார். திருநாள் எப்போது வரும் என்று அச்சிறுவர்கள் நாள்தோறும் அவரை வினவினர். அவர்கள் தாமே எண்ணி அறியும் பொருட்டு, 1839-ஆம் ஆண்டில் அவர் மரச்சக்கரம் ஒன்றின்மீது ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய மெழுகுவர்த்திகளையும் ஏனைய நாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். நாள் செல்லச் செல்ல ஒளி பெருகிற்று. அச்சிறுவரின் காத்திருப்பு ஏக்கமாகத் தேய்ந்துவிடாமல் எதிர்நோக்காக வளர்ந்தது.

முல்லையும் மழையும்

ஐரோப்பாவில் இக்காலம் பகல் குறுகி இருள் நீளும் பனிக்காலம். சென்னையின் மேற்குப் புறநகர்களில் இது வடகிழக்குப் பருவமழையின் காலம். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களும் அவற்றின் சுற்றுப்புறங்களும் ஏரிகள் நிறைந்தவை. அங்கு மழை மிகுந்தால் அச்சம். மழை பொய்த்தால் வறட்சி. ஆதலின், எதிர்நோக்கு என்பது அவ்வூரார்க்கு ஏட்டளவில் அறிந்த செய்தி அன்று.

மழையையும் காத்திருத்தலையும் இணைத்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதும் அன்று. முல்லைத் திணைக்கு இருத்தல் உரிப்பொருள், கார் பெரும்பொழுது, மாலை சிறுபொழுது. வினைமேற் சென்ற தலைவன் குறித்த பருவத்தில் மீள்வான் என்று தேறி, இல்லறக் கடமைகளில் வழுவாது ஆற்றியிருத்தல் முல்லைத் தலைவியின் பண்பு. அவள் இருத்தல் வாளா இருத்தல் அன்று. கார்காலம் ஆவணி, புரட்டாசித் திங்கள்களுக்கு உரியது; திருவருகைக் காலமோ கார்த்திகையும் மார்கழியும் சார்ந்தது. திங்கள் வேறாயினும் உள்ளத்தின் இயல்பு ஒன்றே. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே முல்லைக்கொடியின் பெயரைத் தாங்கித் திருமுல்லைவாயில் என்னும் பழம்பதி விளங்குவது இவ்விடத்தில் நினையத்தக்கது.

புது ஊரில் உறவு

இப்புறநகர்கள் ஒருகாலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர்களாக இருந்தன. ஆவடியில் 1961-ஆம் ஆண்டில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அம்பத்தூரில் 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை உருவாயிற்று. திருநெல்வேலி, கன்னியாகுமரி, ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்தும், கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைப்பு நாடி வந்து குடியேறினர். பொறியின் ஓசையும் புகைவண்டியின் நெரிசலும் நிறைந்த அவ்வாழ்வில், பக்கத்து வீட்டார் பெயர்கூட அறியாமல் பல்லாண்டு கழிவதும் உண்டு.

அத்தகையோருக்கு ஆலயம் வழிபடும் இடமாக மட்டும் அமையவில்லை. பிறந்த ஊராகவும் அமைந்தது. திருவருகைக் காலம் வந்தால் அவ்வுறவு வெளிப்படும். சிறுவர் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு குடில் அமைப்பர். இளைஞர் இரவில் வீடுவீடாகச் சென்று கீதம் பாடுவர். வீட்டு வாயில்களில் விண்மீன் வடிவ விளக்குகள் ஒளிரும். முதியோர் தனித்திருக்கும் வீட்டிலும், நோயுற்றார் கிடக்கும் வீட்டிலும் பாடகர் சற்று நேரம் கூடுதலாக நிற்பதுண்டு. ‘உம்மை யாம் மறக்கவில்லை’ என்று வாய்விட்டுக் கூறாமலே கூறும் முறை அது. தனிமையில் வாடும் ஒருவருக்கு அதனினும் பெரிய திருநாட் பரிசு வேறென்ன வேண்டும்?

மலைமேல் ஓர் ஆலயம்

பூவிருந்தவல்லியிலிருந்து தென்கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை பரங்கிமலையில் சென்று சேரும். திருத்தூதர் தோமையார் உயிர்நீத்த இடம் என மரபு போற்றும் அம்மலையின் உச்சியில், 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் இருக்கிறது. அது மகவின் பிறப்பை எதிர்நோக்கியிருந்த மரியன்னையின் பெயரால் அமைந்தது. அவ்வன்னைக்குரிய விழாநாள், மரபுப்படி, திருவருகைக் காலத்தினுள் வரும் டிசம்பர் 18 ஆகும். அங்குள்ள பழைய கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீகப் பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மலையேறும் படிகளை 1726-ஆம் ஆண்டில் அமைத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். இவ்வாறு பல நாட்டார் கையும் தமிழ் மண்ணும் கூடி உருவாகிய இடம் அது. எதிர்நோக்கு ஓர் இனத்திற்கோ மொழிக்கோ உரிய தனிச்சொத்தன்று என்பதற்கு அம்மலை சான்று.

வெள்ளம் வைத்த தேர்வு

2015-ஆம் ஆண்டில் திருவருகைக் காலம் நவம்பர் 29-ஆம் நாள் தொடங்கியது. முதல் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்ட அவ்வாரத்திலேயே, டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில், பெருமழை கொட்டியது. பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் வாழ்ந்தோர் வீடிழந்தனர், உயிரிழந்தோரும் பலர். சென்னை எங்கும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் கதவு திறந்தன. நனைந்து வந்தவரை ‘நீ எச்சமயத்தான்?’ என்று எவரும் வினவவில்லை. வழிபாட்டுக் கூடம் உறங்கும் இடமாயிற்று. விழாவிற்கென எண்ணிய பொருள் அரிசியும் போர்வையுமாக மாறிற்று. அவ்வாண்டு பல ஆலயங்களில் திருநாள் ஆடம்பரமின்றியே கொண்டாடப்பட்டது.

எட்டாண்டுகள் சென்றபின், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றும் மறுநாளும் மிக்ஜாம் புயல் சென்னையை வாட்டியது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தெருக்கள் நீரில் மூழ்கின. தொழிற்பேட்டைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. மின்னொளி இல்லாத அவ்விரவுகளில், அண்டை வீட்டார் பகிர்ந்த ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு குவளைப் பாலும் எத்துணைப் பெரியவை என்பதைத் துன்புற்றோரே அறிவர்.

இருளில் இருந்துகொண்டு ஒளி வரும் என்று சொல்வது எளிது. அவ்வொளி வருமளவும் அயலான் கையைப் பற்றியிருப்பது அரிது. முன்னது மட்டும் இருந்தால் அது வெறுங்கனவு. பின்னதும் சேர்ந்தால்தான் அது எதிர்நோக்கு. எச்சமயத்தாராயினும், எவ்வூராராயினும், காத்திருக்கும் காலத்தில் பிறரைக் காப்போமாக. அவ்வாறு காப்போர் உள்ள ஊரில் எவரும் தனியராகக் காத்திருக்க நேராது.