வைஃபை ஃபுல்... ஆனா நெட் எங்கே போச்சு? ரவுட்டர்கள் வழி கேட்கும் கதை!

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடி சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறீர்கள். வைஃபை சிக்னல் ஃபுல். மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன. ஆபீஸ் சர்வர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. கஸ்டமர் கேரில் கேட்டால், “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்கிறார்கள்.

சில நேரம் கோளாறு உங்கள் வீட்டிலேயே இருக்காது. நடுவில் எங்கோ ஒரு ரவுட்டர், பக்கத்து ரவுட்டர் சொன்ன தப்பான வழியை நம்பியிருக்கும். ஏனென்றால் இணையத்தின் முழு வரைபடம் எந்த ரவுட்டரிடமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்வதை நம்பித்தான் டேட்டாவை அனுப்புகிறது.

பக்கத்து ஊர் பேச்சு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், மதுரை. நான்கும் நான்கு ரவுட்டர்கள், வேறு வழியே கிடையாது என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 2 எட்டு; ராஜபாளையத்திலிருந்து 3 எட்டு.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் இடையே இணைப்பு துண்டிக்கப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் திகைத்து நிற்கும்போது ராஜபாளையம், “எங்கிட்ட மதுரைக்கு 3 எட்டுல வழி இருக்கு” என்கிறது. அந்த வழியே தன் வழியாகத்தான் போகிறது என்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெரியாது. “அப்போ எனக்கு 4” என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு ராஜபாளையம் 5 என்கிறது. பிறகு 6, 7, 8... டேட்டா இரண்டு ஊருக்கும் நடுவே பந்தாடப்படுகிறது.

இதைத் தடுக்கச் சில மரபுகள் வகுக்கப்பட்டன. 1988-ல் ஆவணமாக வெளியான ‘ரிப்’ நெறிமுறையில் 15 எட்டுதான் உச்சம். 16 என்றால் ‘வழியே இல்லை’ என்று பொருள். இன்னொன்று, யார் சொல்லித் தெரிந்துகொண்டோமோ, அவரிடமே அந்தச் செய்தியைத் திருப்பிச் சொல்லக் கூடாது. டேட்டா பொட்டலத்துக்கும் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும். பூஜ்யமானால் குப்பைக்குப் போய்விடும்.

யார் வழியாக?

பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று பேசுவது ‘பிஜிபி’ நெறிமுறையில். 1989-ல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதத்தில் வரைந்த யோசனை இது. இதில் எத்தனை எட்டு என்று மட்டும் சொன்னால் போதாது. யார் யார் வழியாக என்ற முழுப் பட்டியலும் தர வேண்டும். அந்தப் பட்டியலில் தன் எண்ணே இருந்தால் அந்த வழியை நிராகரிக்க வேண்டும். ராஜபாளையம் சிக்கல் முடிந்தது.

ஆனால் ஒருவர் சொல்வதே தப்பாக இருந்தால்?

2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், “யூடியூப் முகவரி எங்கிட்ட இருக்கு” என்று அறிவித்தது. அது வெளியே கசிந்தது. பிஜிபியில், இன்னும் துல்லியமான முகவரி சொல்பவருக்கே முன்னுரிமை. ‘விருதுநகர் மாவட்டம்’ என்பதைவிட ‘ஸ்ரீவில்லிபுத்தூர், இந்தத் தெரு’ என்பது ஜெயிக்கும் அல்லவா, அப்படித்தான். சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் காணாமல் போனது.

இந்தியாவிலும் நடந்தது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியா நெட்வொர்க் ஒன்று, தனக்குச் சொந்தமில்லாத 30,000-க்கும் அதிகமான வழிகளைத் தன்னுடையதாக அறிவித்துவிட்டது.

பட்டா கேளுங்க!

நிலம் என்னுடையது என்று யாரும் சொல்லலாம். பட்டா இருக்கிறதா என்று பார்ப்போம். அதேபோல, இந்த முகவரியை அறிவிக்கும் உரிமை எந்த நெட்வொர்க்குக்கு உண்டு என்பதற்கு டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்று இருக்கிறது. அதன் பெயர் ‘ஆர்பிகேஐ’. ஆனால் முகவரிக்காரர் சான்று வாங்கினால் மட்டும் போதாது. வழியில் உள்ள நிறுவனங்களும் அதைச் சரிபார்க்க வேண்டும். இது உரிமையாளரை மட்டுமே உறுதி செய்யும். வழி முழுவதும் சரியா என்று சொல்லாது.

அடுத்த முறை ஆபீஸ் சர்வர் திறக்கவில்லையா? முதலில் மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். அதில் திறந்தால், லேப்டாப்பில் ‘டிரேஸ்ரூட்’ கட்டளையை ஓட்டுங்கள். இரண்டே முகவரிகள் மாறி மாறி வந்தால், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உங்க ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா அது சரியாகாது.