அரியணை நிழலில் – 9: படிக்காமல் கைமாறிய காகிதம்

எண்பதைத் தாண்டிய ஜெர்மன் சான்சலர் ஹோகன்லோகே விலகியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1900 அக்டோபரில் அவர் இடத்துக்கு வந்தவர் பெர்ன்ஹார்ட் ஃபான் பியூலோ. பேச்சில் தேன், உடையில் நேர்த்தி, யாரையும் பகைத்துக்கொள்ளாத சுபாவம்.

ஜெர்மன் பேரரசில் சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர்தான். நாடாளுமன்றம் பட்ஜெட்டை இழுத்தடிக்கலாம். ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே இரண்டாம் வில்ஹெல்மின் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டால் நாற்காலி பத்திரம். அந்த வித்தையில் பியூலோவை மிஞ்ச ஆளில்லை. 1905ல் ஜெர்மனி கிளப்பிய மொராக்கோ தகராறில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டெல்காசே பதவி இழந்ததும் பியூலோவுக்கு இளவரசர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு அதே தகராறைத் தீர்க்கக் கூடிய அல்ஹெசிராஸ் மாநாட்டில் ஜெர்மனியின் பக்கம் உறுதியாக நின்ற வல்லரசு ஆஸ்திரியா மட்டுமே. பட்டத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை!

1907 கடைசியில் இங்கிலாந்தில் ஓய்வெடுத்த வில்ஹெல்ம், தனக்கு இடம் தந்த ராணுவ அதிகாரி ஸ்டூவர்ட் வோர்ட்லியிடம் வாய் ஓயாமல் பேசினார். அந்தப் பேச்சு பேட்டியாக எழுதப்பட்டு ஒப்புதலுக்கு வந்தது. வில்ஹெல்ம் முறைப்படி அதைச் சான்சலருக்கு அனுப்பினார் (பொறுமையற்ற அந்த மனிதர் விதியை மதித்த அபூர்வ தருணம் இது). பியூலோ அப்போது நோர்டர்னை தீவில் விடுமுறையில் இருந்தார். படிக்காமலே வெளியுறவு அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டதாகப் பின்னால் சொன்னார். அங்கிருந்து சில்லறைத் திருத்தங்களோடு தாள் திரும்பியது.

1908 அக்டோபர் 28, 'டெய்லி டெலிகிராஃப்'. ஆங்கிலேயர்களுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது. ஜெர்மானியர்களில் பலருக்கு இங்கிலாந்தைப் பிடிக்காது, நான்தான் நண்பன். போயர் போரில் வெல்லப் பாட்டி விக்டோரியாவுக்குத் திட்டம் வரைந்து அனுப்பியதே நான் என்றெல்லாம் பேரரசர் அளந்திருந்தார். லண்டன் எரிச்சலானது. பெர்லினோ கொதித்தது.

நவம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, எல்லாக் கட்சிகளும் பேரரசரைக் குறிவைத்தன. பியூலோ ராஜாவுக்காக வாதாடினார் என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். இனித் தனிப் பேச்சிலும் பேரரசர் அடக்கம் காப்பார், இல்லாவிட்டால் நானோ எனக்குப் பின் வருபவர்களோ பொறுப்பேற்க முடியாது என்றார். தன் மேசையில் தூங்கிய காகிதத்தை அவ்வளவு சாமர்த்தியமாக எஜமானர் தலையில் கட்டினார். படிக்கவில்லை என்பது உண்மையானால் அலட்சியம். படித்திருந்தால் அதைவிட மோசம்.

வில்ஹெல்ம் நொறுங்கிப்போனார், அந்த வாக்குறுதியை ஏற்கும் அறிக்கையில் கையெழுத்தும் போட்டார். ஆனால் மன்னிக்கவில்லை.

வாய்ப்பு ஏழே மாதத்தில் வந்தது. கடற்படைச் செலவில் கஜானா வற்ற, வாரிசுச் சொத்து வரியை விரிவுபடுத்தப் பியூலோ முனைந்தார். பெருநிலக்காரர்களின் கன்சர்வேடிவ் கட்சி அவரை ஆதரித்த கூட்டணியை விட்டு நழுவி, கத்தோலிக்கர்களின் மையக் கட்சியோடு சேர்ந்துகொண்டது. 1909 ஜூன் 24ல் எட்டு வாக்குகளில் மசோதா தோற்றது. பழைய வில்ஹெல்ம் என்றால் சபையைக் கலைத்துத் தன் ஆளைக் காப்பாற்றியிருப்பார். இப்போது கீல் துறைமுகத்தில் நின்ற அரசக் கப்பலில் விலகலை ஏற்றுக்கொண்டார். வரி விவகாரத்தை முடித்துவிட்டுப் போ என்பது மட்டுமே நிபந்தனை. ஜூலை 14ல் அதுவும் முடிந்தது.

வாரிசாக வந்த பெத்மன் ஹோல்வெக் தேர்ந்த உள்துறை நிர்வாகி. வெளியுறவில் அனுபவமே இல்லாதவர்.

(தொடரும்)