நீர் தேக்கும் இரட்டை வலை

கமக்காரர்களே,

தம்புள்ளைப் பகுதியில் சிறுபோகத்திலே பெரிய வெங்காயமும் மிளகாயும் செய்வோர், மண்ணிற் கலந்தால் நீரைப் பிடித்துவைக்கும் மணிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காசு கொடுக்குமுன் அவற்றின் அமைப்பை அறிதல் நன்று.

ஒவ்வொரு மணியும், பல்பகுதியம் எனப்படும் மிக நீண்ட இழைகளாலான வலையாகும். நீர் புகுந்ததும் இழைகள் ஒன்றையொன்று தள்ள, வலை விரிந்து நீரைத் தேக்குகின்றது. ஆனால் மிக விரிந்த ஒற்றை வலை உறுதியற்றது, நெரித்தால் உடைந்துவிடும். ஆகவே சில வகைகளில், அவ்வலையின் கண்களினூடே வேறொரு வலையையும் உண்டாக்குகின்றனர். இது கண்டலம குளத்தில் இரு மீன்வலைகள் சிக்கிக்கொள்வது போன்றதன்று; ஒரு வலையின் கண்தோறும் மற்றதன் நூலை விட்டு முடைந்ததற்கு ஒப்பானது. இரண்டுக்கும் இடையே முடிச்சில்லை. ஆயினும் அறுத்தாலன்றிப் பிரியா. ஒன்று நீரைத் தேக்க, மற்றது உறுதியளிக்கும்.

இம்முறை புதிதன்று. 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஐல்ஸ்வேத் என்பார், எளிதில் உடையும் செயற்கைப் பிசினுடன் இறப்பரை இவ்வாறு பிணைத்து, இசைத்தட்டுக்கென உறுதியான பொருளை ஆக்கினார். கடைகளில் விற்கும் மணிகளிற் பெரும்பாலானவை ஒற்றை வலையே என்பதை மறவாதீர்கள்.

வலை எதுவாயினும், நம் பகுதியில் முதலிற் கவனிக்க வேண்டியது கிணற்று நீர். சவர்க்காரம் நுரைக்காத நீரில் கல்சியம் மிகுதி. அது அயலிழைகளைச் சேர்த்துக் கட்டிவிடும். கட்டுண்ட வலை விரியாது. எம்.ஓ.பி. பசளை போன்ற உப்புக்களும் விரிவைக் குறைக்கும். யூரியா அத்துணை கெடுப்பதில்லை. பொதியிலே 'முந்நூறு மடங்கு' என்றிருந்தால் அது தூய நீருக்குரிய கணக்கு.

ஆதலால் நீங்களே சோதியுங்கள். இரு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் மழைநீரும் மற்றதில் உங்கள் கிணற்று நீரும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மணியிட்டு மறுநாட் காலையிற் பாருங்கள். கிணற்று நீரில் மணி அரைவாசியும் பருக்கவில்லையெனில் வாங்க வேண்டாம். அந்நிலத்துக்கு வைக்கோல் மூடாக்கே மலிவும் பயனும் உடையது.

நன்கு பருத்தால், சிறு பாத்தியொன்றில் வேர் செல்லும் ஆழத்தில் மண்ணோடு கலந்து பரீட்சியுங்கள். புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஆக்கிய பூசா ஹைட்ரோஜெல்லுக்கு, ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோகிராம் எனக் கூறப்பட்டுள்ளது. மேலே தூவினால் வெயிலிற் கெடும். நீர் தேங்கி நிற்கும் நெல்வயலுக்கு இது வேண்டியதில்லை.